இருளாண்டி கட்டிய டயர்

மலாக்காப் பக்கத்துக் கல்லுமலை ரப்பர் தோட்டத்தில் செத்த மிஷினை எழுப்ப வேண்டுமென்றால் இருளாண்டியைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுவிட்டு, 'ஏண்டா இவனைக் கூப்பிட்டோம்' என்று காதைப் பொத்திக்கொள்வதும் உண்டு. அவனுக்குக் கை ஓடுகிற வேகத்துக்கு வாயும் ஓடும். ஒரு திருகாணியைக் கழற்றுவதற்குள் அது எந்தச் சீமையில் பிறந்தது, அதன் அப்பன் பாட்டன் யார் என்பதெல்லாம் சொல்லி முடித்திருப்பான்.

மரத்துப் பாலை உறையவைத்துச் சீட்டாக அழுத்துகிற கொட்டகையை ஸ்டோர் என்பார்கள். அந்த ஸ்டோர் எஞ்சினுக்கு அவன்தான் ஆள். அழுத்திய சீட்டுகள் தொங்கிக் காய்கிற புகைக்கூண்டுக்கு விறகு போட்டு நெருப்புக் காப்பதும் அவன் வேலைதான். சேலத்துப் பக்கத்திலிருந்து கைக்குழந்தையாகக் கப்பலேறி வந்தவன். ரப்பரை அங்கே கித்தா என்பார்கள். கித்தா மரத்தடியில் தவழ்ந்து, கித்தாப் புகையில் மீசை முளைத்தவன். கித்தாவைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்பது அவன் எண்ணம். அந்த எண்ணந்தான் அவன் குடியைக் கெடுத்தது.

பெண்டாட்டி முனியாயி பால்வெட்டுக்காரி. கட்டிய நாளிலிருந்து அவன் பேசுவான், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். இரண்டு பேருக்கும் அது சரியாகத்தான் இருந்தது. அவர்களுக்கு இல்லாத ஒன்று பிள்ளை. இல்லாதது என்று சொல்வதும் தப்பு. இரண்டு பிறந்தன, இரண்டும் போயின. தலைப்பிள்ளை, தோட்டத்தாட்கள் குடியிருக்கும் வரிசை வீடான லயத்துக்குள்ளேயே மருத்துவச்சி கையில் மூச்சுவிடாமல் வந்தது. இரண்டாவதற்கு வலி எடுத்ததும் பக்கத்து லயத்துச் சுப்பன் மாட்டு வண்டியைப் பூட்டினான். மலாக்கா ஆஸ்பத்திரிக்குப் பாதி வழிகூடப் போகவில்லை, வண்டியிலேயே முடிந்துவிட்டது. அரை உயிராக வந்து சேர்ந்த முனியாயியைப் பார்த்து டாக்டர் ஒன்றே ஒன்று சொன்னார்: "இவளுக்கு இடுப்பெலும்பு குறுகல். அடுத்த தடவை வலி எடுத்ததும் இங்கே கொண்டு வந்துவிடு. வயிற்றைக் கீறி எடுத்தால் தாயும் பிழைக்கும், பிள்ளையும் பிழைக்கும். தாமதித்தால் நான் பொறுப்பில்லை."

முன்கூட்டியே போய் மலாக்காவிலேயே தங்கினால் என்ன என்று கேட்கலாம். யார் வீட்டில் தங்குவது? அதுவுமில்லாமல் அது கித்தா விலை பாதாளத்துக்குப் போயிருந்த முப்பத்திரண்டாம் வருசம். தோட்டத்து ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். லாரியை விற்றுவிட்டார்கள். விடியற்காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் ஆள் நிற்காவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் வெட்டப்பட்டவனுக்கு ஊருக்குத் திரும்பக் கப்பல்தான். பாதி லயம் அப்படிக் காலியாகி, கதவில்லாத வீடுகளில் ஆடு படுத்திருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் முனியாயிக்கு மறுபடியும் நாள் தள்ளிப்போயிற்று. சந்தோஷப்பட வேண்டிய சேதி. அவள் அதைப் புருஷனிடம் சொன்னபோது இரண்டு பேரும் இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தார்கள்.

புகைக்கூண்டுக்குப் பின்னால் அத்தாப்பு ஓலைக் கூரைக்கடியில் ஒரு மோட்டார் சைக்கிள் கிடந்தது. சீமையில் நடந்த பெரிய சண்டை முடிந்த கையோடு பழைய துரை அங்கிருந்து இறக்கியது. பக்கத்தில் ஆள் உட்காரப் பிரம்பில் பின்னிய தொட்டி ஒன்று, அதற்குத் தனிச் சக்கரம். துரை கார் வாங்கியதும் இதைத் தூக்கிப் போட்டுவிட்டார். கொடி படர்ந்து, தொட்டியில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் இருளாண்டி விறகெடுக்கப் போவான். ஒருநாள் கட்டிய விறகைக் கீழே போட்டுவிட்டு அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நேராகக் கிராணி இராஜரட்ணத்திடம் போய்க் கேட்டான். கிராணி யாழ்ப்பாணத்தார், கணக்கு வேலை பார்ப்பவர், கோபமும் இரக்கமும் ஒரே முகத்தில் வைத்திருப்பவர்.

"உந்தச் சவத்தை வைச்சு என்ன செய்யப் போறாய்?"

"ஓட்டப் போறேங்க ஐயா."

"எங்கை ஓட்டுறது? கோழியையும் ஏத்திக்கொண்டோ?"

"மலாக்கா ஆஸ்பத்திரிக்கிங்க. முனியாயிக்கு இது மூணாவதுங்க."

கிராணி அதற்குமேல் கேலி பேசவில்லை. துரையிடம் சொல்லி, குப்பையை எடுத்துப் போனால் சரி என்று உத்தரவு வாங்கிக் கொடுத்தார்.

வண்டி லயத்து வாசலுக்கு வந்தது. அன்றிலிருந்து முனியாயிக்குச் சட்டிபானை மிஞ்சவில்லை. சோறு வடிக்கிற சட்டியில் மண்ணெண்ணெய்க்குள் திருகாணிகள் ஊறின. குழம்பிலும் மண்ணெண்ணெய் வாடை. எஞ்சினுக்குள் துருப்பிடித்து இறுகிப்போன பிஸ்டனுக்கு எண்ணெயை ஊற்றி ஊற்றி, கொட்டாப்புளியால் பிள்ளைக்குத் தட்டுவதுபோலத் தட்டித் தட்டி அசைத்தான். பெட்ரோல் போகிற குழலுக்குள் குளவி கட்டிய மண்கூட்டை ஊசியால் குத்தி எடுத்தான். பொறி தருகிற மேக்னெட்டோ ஈரத்தில் செத்திருந்தது. அதைத் துணியில் சுற்றிப் புகைக்கூண்டில் சீட்டுகளுக்கு நடுவே கட்டித் தொங்கவிட்டான். வற்றிக் காய்ந்து வந்ததைக் கையால் சுழற்றிப் பார்த்தபோது அதிலிருந்து கரண்டு பாய்ந்து அவனையே ஒரு தட்டுத் தட்டிப் பின்னால் தள்ளியது. லயமே சிரித்தது. விழுந்த இடத்திலிருந்து அவனும் சிரித்தான். இரண்டாவது பிள்ளையைப் புதைத்த பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

மண்ணெண்ணெயில் ஊறிய விரலிடுக்குகளில் சொறி கண்டது. முனியாயி கந்தகப் பொடியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து ஒரு தகர டப்பாவில் வைத்திருந்தாள். சாயங்காலமானால் அவன் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு தடவிவிடுவாள். வயிறு மேலேறிக்கொண்டிருந்தது. கையைத் தடவும்போதே உள்ளே பிள்ளை உதைப்பது அவன் முழங்கையில் தெரியும்.

"கால் வலுவா இருக்குதுலா. இது நிக்கும் புள்ள, பாத்துக்கோ."

"வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருங்க" என்பாள். கண் பட்டுவிடும் என்கிற பயம்.

எஞ்சின் எழுந்துவிட்டது. ஆனை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுத கதையாக, டயருக்கு நின்றது. பழைய டயர்கள் தொட்ட இடத்தில் உதிர்ந்தன. மலாக்காவுக்குப் போய்ச் சீன முதலாளி ஒரு தவுக்கேயின் மோட்டார்க் கடையில் சக்கர விளிம்பின் அளவைக் காட்டினான். அந்த அளவு இப்போது வருவதில்லை, சீமையிலேயே நிறுத்திவிட்டார்கள் என்றார் தவுக்கே. பெம்பான் சந்தி வரைக்கும் நாளுக்கு ஒரே ஒரு தடவை வந்துபோகிற பஸ்ஸில் இருளாண்டி திரும்பி வரும்போது வழிநெடுக இரண்டு பக்கமும் கித்தாக்காடு. பார்த்துக்கொண்டே வந்தவனுக்குச் சட்டென்று தன்மேலேயே கோபம் வந்தது.

"டயரு எதுல செய்றான்? கித்தாவுலதானே செய்றான்! கித்தா யாரு அனுப்புறா? நாமதானே அனுப்புறோம்! கெணத்துக்குள்ள நின்னுக்கிட்டுத் தண்ணிக்கு அலையிறேனே!"

லயம் முழுக்க அதை ஒத்துக்கொண்டது. பரம்பரையாகப் பால் வெட்டியவர்கள், சீட்டு அடித்தவர்கள், மூட்டை ஏற்றியவர்கள். ஒருவருக்குக்கூட அதில் சந்தேகம் வரவில்லை. சீட்டு கப்பலேறிப் போகிறது, டயராகத் திரும்பி வருகிறது. நடுவில் வெள்ளைக்காரன் என்ன செய்துவிடப் போகிறான்? அச்சில் வைத்து வளைத்துக் கறுப்புச் சாயம் பூசுவான், அவ்வளவுதானே! குமிழி விழுந்து கழிந்த மூன்றாந்தரச் சீட்டுகளை இருளாண்டி கேட்டபோது, கூரை ஒழுகலுக்கு என்று நினைத்துக் கிராணி எடுத்துக்கொள்ளச் சொன்னார். முனியாயி தனக்கு விட்ட மரவரிசையான நிரையில் வெட்டிய பாலில் ஒரு வாளி வாங்கி வந்தாள். கங்காணி பார்த்தும் பாராததுபோல இருந்தார்.

காடாத் துணியைப் பாலில் தோய்த்துத் தோய்த்து விளிம்பைச் சுற்றி வரிந்தான். அதன்மேல் சீட்டை வாராக அறுத்து இறுக்கிச் சுற்றினான். காற்றடைக்கிற வேலையே இல்லை, உள்ளும் புறமும் கெட்டி. சக்கரங்களை அப்படியே புகைக்கூண்டில் தொங்கவிட்டு, சீட்டுக்குக் காட்டாத பக்குவமெல்லாம் காட்டினான். வெயிலில் போட்டால் சீட்டு பிசுபிசுக்கும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. ஆனால் அது அரைப்பதத்துச் சீட்டுக்குத்தான், நன்றாகப் புகை குடித்தால் பிறகு கேடில்லை என்பது ஸ்டோரில் எல்லாரும் சொல்கிற பேச்சு. கடைசியில் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துப் பூசினான். கன்னங்கரேலென்று மூன்று டயர். முனியாயி விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"எம் மரத்துப் பாலு" என்றாள். அவ்வளவு பெருமையை அவள் முகத்தில் அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை.

மார்கழித் தூறலில், முனியாண்டி சாமிக்குத் தேங்காய் உடைத்து, மூன்று சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது. கித்தாக்காட்டுக்குள் எப்போதும் நிழல், காலையில் குளிர். தோட்டத்துச் செம்மண் ரோடான சடக்கில் பெம்பான் சந்தி வரைக்கும் போய்த் திரும்பி வந்தான். பிறகு தினமும் விடிகிற நேரத்தில் ஒரு சுற்று. டயர் அசையவில்லை. "சீமைக்காரன் டயருக்குக் காத்து எறங்கும், என்னோட டயருக்கு எறங்க ஒண்ணுமே இல்ல" என்று அவன் அடித்த தம்பட்டத்துக்கு அளவில்லை. தோட்டமே அவனை நம்பியது. மழைக்காலம் போய்த் தை மாசி வந்ததையும், வெயில் ஏறியதையும் யாரும் டயரோடு சேர்த்து நினைக்கவில்லை.

பங்குனியில் ஒருநாள், முனியாயி பால் சேர்க்கிற நேரத்தில் மரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சேதி ஸ்டோருக்கு வந்தபோது பொழுது நன்றாக ஏறியிருந்தது. இருளாண்டி ஓடி வந்து தொட்டியில் தலையணை வைத்து, அவளைத் தூக்கி உட்காரவைத்து, மேலே பழைய சேலையைப் போர்த்தினான். அதற்குள் சுப்பன் மாடுகளைப் பூட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"மாப்ள, நான் பின்னாலேயே வாரேன். ஒரு தொணைக்கி."

"வேணாம் மாமா. இந்த வண்டி போயிச் சேர்ந்து, புள்ளையும் பொறந்து, அப்புறந்தான் உங்க மாடு பெம்பானையே பாக்கும். வாயில்லாத சீவன ஏன் வெயில்ல அலைக்கழிக்கணும்?"

"அதுக்கில்ல மாப்ள..."

"மாட்டு வண்டியில போயித்தானே மாமா ஒண்ணப் பறிகுடுத்தேன்!"

சுப்பன் மாடுகளை அவிழ்த்துக் கட்டினான்.

சடக்கு நிழலில் வண்டி பறந்தது. முனியாயி தொட்டியின் இரண்டு விளிம்பையும் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்திருந்தாள். பெம்பான் கடைவீதியில் ஆட்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். சந்தி தாண்டியதும் மரங்கள் முடிந்தன. இரண்டு பக்கமும் அறுவடையான வயல்; நடுவில் தார் ரோடு, உச்சி வெயிலில் பளபளத்துக்கொண்டு. அந்த நேரத்தில் அந்த ரோட்டில் அவன் இந்த வண்டியை ஓட்டியதே இல்லை.

முதலில் ஒரு நெடி வந்தது. புகைக்கூண்டில் நெருப்பு மிஞ்சிச் சீட்டு இளகும்போது வருகிற நெடி. அவன் மூக்குக்கு அது சட்டென்று தெரிந்துவிட்டது; மனசுதான் ஒத்துக்கொள்ளவில்லை. யாரோ எங்கேயோ எதையோ எரிக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு ஓட்டினான். பிறகு வண்டி கனத்தது. பின்னால் யாரோ பிடித்து இழுப்பதுபோல இருந்தது. திரும்பிப் பார்த்தான். பின்சக்கரத்திலிருந்து ரோடு வரைக்கும் ஜவ்வு ஜவ்வாக இழுபட்டுக்கொண்டு வந்தது கித்தா. பூசிய கரி போய் உள்ளே மஞ்சளும் பழுப்புமாகச் சீட்டின் நிறம். நிறுத்துவதற்குள் காடாத் துணி பிரிந்து சங்கிலிக்குள் சுற்றி, கம்பிகள் படபடவென்று ஒடிந்து, சக்கரம் கோணிக்கொண்டு நின்றது.

"என்னாச்சி?" என்றாள் முனியாயி.

"ஒண்ணுமில்ல புள்ள. ஒரு நிமிசம்."

கையாலேயே பிய்த்தான். கொதிக்கிற கித்தா விரலில் ஒட்டித் தோலோடு வந்தது. சங்கிலி அறுந்திருந்தது. தள்ளிப் பார்த்தான்; மற்ற இரண்டு சக்கரமும் தாரில் அப்பிக்கொண்டு நகரவில்லை. செத்த மிஷினையெல்லாம் எழுப்பியவன், ரோட்டில் நின்று அழுதான். இரண்டு கார்கள் வந்தன. கை முழுக்கக் கரியும் பிசினுமாகக் குறுக்கே ஓடிவந்து கத்துகிறவனைப் பார்த்ததும் ஒதுங்கி வேகம் பிடித்துப் போய்விட்டன. முனியாயியைத் தூக்கி ரோட்டோரம் ஒரு வேலிமர நிழலில் கிடத்தினான். அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மற்றக் கையை வயிற்றில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"உதைக்கல. இப்பக் கொஞ்ச நேரமா உதைக்கல."

சுப்பன் சொன்னபடி பின்னாலேயே வந்திருந்தால் அந்நேரம் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பான். ரோட்டின் அந்தக் கோடியையே இருளாண்டி பார்த்துக்கொண்டிருந்தான். வர வேண்டாம் என்று சொன்னவன் அவன்தானே, அது தெரிந்தும் பார்த்தான்.

வெயில் சாய்கிற நேரத்தில் வைக்கோல் ஏற்றிய மாட்டு வண்டியோடு ஒரு மலாய்க்காரக் கிழவர் வந்தார். பார்த்தார், ஒரு கேள்வி கேட்கவில்லை, பாரத்தை அப்படியே வயலோரம் சாய்த்துத் தள்ளிவிட்டு முனியாயியை ஏற்றிக்கொண்டார். கடைசியில் மலாக்கா ஆஸ்பத்திரி வாசலில் அவள் இறங்கியது மாட்டு வண்டியிலிருந்துதான்.

ஆண் பிள்ளை. எடுத்தபோது உயிரில்லை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று சொல்ல வாயெடுத்த நர்சம்மா, அவன் கைகளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். தாயைப் பிழைக்கவைக்கக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். இனி இல்லை என்றார் டாக்டர். இருளாண்டி தலையை ஆட்டினான். வாயாடி என்று பேரெடுத்தவனுக்கு அன்றோடு வாய் அடைத்துப்போயிற்று.

தோட்டத்துக்குத் திரும்பி வந்தார்கள். யாரும் அவனைக் குறை சொல்லவில்லை, அதுதான் பெரிய கொடுமை. சுப்பன் அவனைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போனான், தப்புச் செய்தவன் தானென்பதுபோல. முனியாயி உடம்பு தேறி மறுபடியும் வெட்டுக்குப் போனாள். அதே நிரை, அதே மரங்கள். அவள் சோறு போட்டாள், துணி துவைத்தாள், அவனைத் தொடவில்லை. வைதிருந்தால்கூட அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எல்லாரும் சேர்ந்து அழுத்திப் பார்த்து மெச்சிய டயர், உருகியது அவன் ஒருவன் தலையில்.

ஒருநாள் சீட்டு மூட்டைகளைப் பார்க்க ஸ்டோருக்கு வந்த கிராணி இராஜரட்ணம், போகிறவர் நின்றார். ஆறுதல் சொல்லத்தான் நினைத்தார் பாவம்.

"நீ டயர் கட்டப் போறாய் எண்டு எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, இருளாண்டி. கறுப்பாய் இருந்ததைக் கண்டு கடை டயர் எண்டல்லோ நினைச்சன். வெறும் ரப்பர் வெயிலுக்கு நிக்காது. கந்தகத்தைச் சேர்த்து நல்லா வேக வைச்சாத்தான் அது டயராகும்."

"கந்தகமாங்க?"

"ஓம். சிரங்குக்குப் பூசுறது. எங்கட பள்ளிக்கூடத்திலையே படிப்பிச்சவை."

கிராணி போய்விட்டார். கப்பல் கப்பலாகக் கித்தா அனுப்பிய அந்தத் தோட்டத்தில், அது டயராவது எப்படி என்று ஒரு பால்வெட்டுக்காரனுக்கும் யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கு இருந்தது?

இருளாண்டி நெருப்பை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தான். அடுப்புக்குமேல் பரணில் கையை விட்டுத் துழாவித் தகர டப்பாவை எடுத்தான். மூடியைத் திறந்தான். மஞ்சளாக அடியில் கொஞ்சம் இருந்தது. வண்டியைக் கட்டிய நாளெல்லாம் இந்தக் கையில்தான் இது இருந்தது. இந்தக் கையால்தான் அந்தச் சீட்டைச் சுற்றினான்.

வெட்டு முடிந்து வந்த முனியாயி வாசலில் வாளியை வைத்துவிட்டு உள்ளே வந்தாள். டப்பாவோடு நிற்பவனைப் பார்த்தாள்.

"என்னா, மறுபடியும் சொறியா?"

"ஆமா" என்றான்.

அவள் உட்கார்ந்தாள். எத்தனையோ நாளைக்கு அப்புறம் அவன் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தீய்ந்து ஆறிய தழும்புகளின் மேல் எண்ணெயைக் குழைத்து, விரல் விரலாகத் தடவினாள். முழங்கை அவள் வயிற்றில் பட்டது. அவனுக்குக் கண்ணீர் கொட்டியது.

"எரியுதா?" என்றாள்.

"ஆமா புள்ள, எரியுது."

அவள் கையைக் கிட்டே தூக்கி ஊதினாள்.